2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர்: கில்பர்ட் செல்லா, பேசிவ் மிக்சரா?

நிபோங் தெபால் மாணவி:
வணக்கம். சிக்பீ (குறைந்த பவர் வயர்லெஸ்) ரிசீவருக்கு 130 நானோமீட்டர் சிமாஸ் சிப்பில் மிக்சர், அதாவது வரும் சிக்னலைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு இறக்கும் சர்க்யூட், போடுகிறேன். சப்ளை 1.2 வோல்ட், ஐஎஃப் (இறக்கிய பிறகு வரும் இடைநிலை அதிர்வெண்) 2 மெகாஹெர்ட்ஸ். கில்பர்ட் செல்லில் (கரண்ட் எடுத்து சிக்னலைப் பெருக்கவும் செய்யும் மிக்சர்) கெயின் வந்துவிட்டது, ஆனால் ஐஎஃப் பக்கம் ஃபிளிக்கர் நாய்ஸ் (தாழ்ந்த அதிர்வெண்ணில் கூடும் இரைச்சல்) தூக்குகிறது. டிரான்சிஸ்டர்களை ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று அடுக்கு போட்டதில் லோடுக்கு வோல்டேஜே மிஞ்சவில்லை. வெறும் சுவிட்சுகளால் ஆன பேசிவ் மிக்சர் கரண்டே எடுக்காது என்கிறார்கள், மாறிவிடலாமா?

பாயான் லெப்பாஸ்காரன்:
மாறலாம் தங்கச்சி. சுவிட்சில் டிசி கரண்ட் ஓடாததால் ஃபிளிக்கர் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் கரண்டே எடுக்காது என்பதை மட்டும் நம்பாதே. அந்த சுவிட்சுகளின் கேட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் யாராவது ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும், எல்ஓ (சுவிட்சை ஆட்டும் லோக்கல் ஆசிலேட்டர் சிக்னல்) டிரைவருக்கு 100 ஃபெம்டோஃபாரட் லோடு இருந்தாலே 1.2 வோல்ட் முழு வீச்சில் சுமார் 0.35 மில்லிவாட் போய்விடும், வயர் கெபாசிட்டன்ஸ் அதற்கு மேல். சிமுலேஷனில் ஐடியல் சோர்ஸ் வைத்தால் இது எதுவும் தெரியாது. நிஜ இன்வர்ட்டர்களை வைத்து, அவற்றின் சப்ளை கரண்டையும் மிக்சர் கணக்கில் சேர்த்துப் பார்.

கே.எல். ரேடியோ:
கில்பர்ட்டை அதற்குள் கைவிட வேண்டாம் என்பேன். பிமாஸ் ஒன்றை வைத்து கீழ் டிரான்சிஸ்டருக்குப் போகும் கரண்டில் பாதியை நேராக ஊட்டினால் சுவிட்ச் வழியாகப் போவது குறையும், ஃபிளிக்கரும் இறங்கும், லோடிலும் வோல்டேஜ் மிஞ்சும். ரொம்ப ஊட்டினால் சுவிட்சின் சோர்ஸ் பக்க இம்பிடன்ஸ் ஏறி சிக்னல் அங்கே தானாகவே இருக்கும் பாராசிட்டிக் கெபாசிட்டன்ஸில் ஒழுகும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாருங்கள்.

நிபோங் தெபால் மாணவி:
நன்றி அண்ணா, நன்றி சார். ஐ, கியூ (90 டிகிரி தள்ளிய இரு சிக்னல் பாதைகள்) இரண்டும் வேண்டும். பேசிவ் என்றால் 50 சதவீத எல்ஓ, அதாவது பாதி நேரம் ஆன், பாதி நேரம் ஆஃப், போதுமா?

பாயான் லெப்பாஸ்காரன்:
போதாது. 50 சதவீதத்தில் ஐ சுவிட்சும் கியூ சுவிட்சும் சில நேரம் ஒருசேர ஆன் ஆகியிருக்கும், ஒன்றின் சிக்னலை மற்றது தின்னும். 25 சதவீதத்தில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான், கெயினும் 3 டெசிபல் கூடும். எல்ஓவின் நான்கு கட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வர வேண்டும், அதற்கான டிவைடரும் லாஜிக்கும் தின்னும் கரண்டையும் மறக்காதே. பின்னால் வரும் டிஐஏவின் (கரண்டை வோல்டேஜாக மாற்றும் ஆம்ப்ளிஃபயர்) உள்ளீட்டு இம்பிடன்ஸ் தாழ்வாக இருக்கட்டும். சுவிட்சைப் பெரிதாக்கி ரெசிஸ்டன்ஸ் குறைக்க ஆசை வரும், அங்கேதான் டிரைவர் கரண்ட் எகிறும். அகலத்தை மாற்றி மாற்றி ஓட்டி, மொத்த கரண்டையும் நாய்ஸ் ஃபிகரையும் (சர்க்யூட் எவ்வளவு இரைச்சல் சேர்க்கிறது என்ற அளவு) ஒரே கிராஃபில் போட்டுப் பார்த்துவிட்டு எதை எடுப்பது என்று முடிவு செய்.