ஆபீஸ் முடிஞ்சு வந்தா உடம்புல தெம்பே இல்ல, இதுல வாக்கிங் வேற போகணுமா?

பெரம்பூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 34 வயசு, வீடு பெரம்பூர், வேலை சோழிங்கநல்லூர்ல. ட்ரெயின் பஸ்னு மாறி மாறி வந்து சேர்றதுக்குள்ள பாதி உயிர் போயிடுது, செருப்ப கழட்டிட்டு சோபாவுல சாஞ்சா அப்புறம் எந்திரிக்க மனசே வரல. தூக்கம் ஏழு மணி நேரம் இருக்கு, ஆனா காலைல எழும்போதே அசதி. வாக்கிங் போனா சரியாயிடும்னு அம்மா சொல்றாங்க. இருக்கிற கொஞ்சநஞ்ச தெம்பும் அதுல போயிடாதா?

மயிலை_வாசி:
போகாதுங்க, அம்மா சொல்றது சரிதான். நாள் முழுக்க ஏசில உக்காந்தே இருந்தா கால்ல இறங்குன ரத்தம் மேல ஏறுறது மந்தமாயிடும், அத தள்ளி விடுறதே கெண்டைக்கால் சதைதான், அதுக்கு வேலையே குடுக்கலன்னா கால் கனக்காம என்ன செய்யும். நான் சாயந்தரம் நாகேஸ்வரராவ் பார்க் போவேன். முதல் ரவுண்டு கால இழுத்துக்கிட்டுதான் போகும், வீட்டுக்கே திரும்பிடலாமான்னு தோணும், ரெண்டாவது ரவுண்டுல மூச்சு சீராகி கை தானா வீச ஆரம்பிச்சிடும், அன்னைக்கு ராத்திரி தூக்கமும் நல்லா வரும். அந்த முதல் ரவுண்ட மட்டும் தாண்டிடுங்க.

அண்ணாநகர்_அக்கா:
நடக்கிறது நல்லதுதான்மா, ஆனா தூங்கி எழுந்தும் அசதின்னா முதல்ல ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துடு. ஹீமோகுளோபின், தைராய்டு, பி12, சுகர் நாலும் பாரு. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல சர்வேல நம்ம தமிழ்நாட்டுலயே 15லேர்ந்து 49 வயசு பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்துச்சு. ஹீமோகுளோபின் 12க்கு கீழ இருந்தா குறைவுதான், அத கவனிக்காம எவ்ளோ நடந்தாலும் இளைப்புதான் மிச்சம். சாப்பாட்டோட டீ காபி குடிக்கிற பழக்கம் இருந்தா விட்டுடு, இரும்புச்சத்து உடம்புல சரியா சேராது. பீரியட்ஸ்ல ரத்தப்போக்கு அதிகம்னா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லு.

ஓஎம்ஆர்_பயணி:
அக்கா சொன்னத முதல்ல பண்ணுங்க சிஸ். நடக்கிறதுக்குன்னு வீட்டுக்கு வந்து தனியா கிளம்பணும்னா உங்க டைமிங்குக்கு நடக்கவே நடக்காது, போற வழியிலயே முடிச்சிடணும். ஸ்டேஷன்லேர்ந்து ஷேர் ஆட்டோ ஏறாம நடங்க, மதியம் சாப்பிட்டதும் சீட்டுக்கு ஓடாம ஆபீஸ் காரிடார்லயே பத்து நிமிஷம் நடங்க (வெளிய வெயில்ல வேணாம்), சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் சட்டுனு ஏறுறது குறையும், மூணு மணி தூக்கமும் அவ்வளவா வராது. உலக சுகாதார நிறுவனம் சொல்றது வாரத்துக்கு 150 நிமிஷம், அதையும் ஒரே மூச்சா பண்ணணும்னு இல்ல, கொஞ்சம் கொஞ்சமா சேர்த்தாலும் கணக்குதான். ஜிம்முக்கு இப்பவே பணம் கட்டிடாதீங்க. பழகினப்புறம் ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் போங்க, 2023ல அரசு ஆரம்பிச்ச 'நடப்போம் நலம் பெறுவோம்' 8 கிலோமீட்டர் பாதை அங்க இருக்கு, காலைல கும்பலா நடக்கும்போது சோம்பலே தெரியாது.

பெரம்பூர்_பொண்ணு:
ரொம்ப தேங்க்ஸ். அக்கா, பீரியட்ஸ் ஒரு வருஷமா அதிகமாதான் இருக்கு, அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவே இல்ல. சனிக்கிழமை டெஸ்ட் எடுத்துடுறேன். ஆபீஸ் மூணாவது மாடி, லிப்ட விட்டுட்டு படி ஏறலாமா?

அண்ணாநகர்_அக்கா:
ரிசல்ட் வரட்டும்மா, அதுவரைக்கும் படி வேணாம். சமதரையில மெதுவா நட, மூச்சு வாங்கினாலோ படபடன்னு வந்தாலோ உக்காந்துடு. ரிப்போர்ட் வந்ததும் இங்க போடு.