தம்பியின் கடனுக்கு என் பவர் டில்லர் ஜப்தி: அமீனா எழுதிய மதிப்புதான் முடிவா?

காவேரிப்பட்டினம் உழவன்:
வணக்கம். தம்பி மீது பணக்கடன் டிக்ரி (கோர்ட் தீர்ப்பாணை) இருக்கிறது, வட்டியோடு எழுபதாயிரம் சொச்சம். நானும் அவனும் தனித்தனிக் குடித்தனம், கொட்டகை மட்டும் பொது. டிக்ரியை நிறைவேற்றக் கடன் கொடுத்தவர் போட்ட மனுவின் பேரில் வந்த அமீனா (ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியர்), என் பவர் டில்லரையும் மாங்காய் அடுக்கும் பிளாஸ்டிக் பெட்டிகளையும் ஜப்தி செய்து கொண்டுபோய்விட்டார். என்னுடையது என்று எவ்வளவோ சொன்னேன். பட்டியலில் டில்லரின் மதிப்பு 45,000 ரூபாய். இன்று விற்றாலும் ஒரு லட்சத்துக்குக் குறையாது. இந்த மதிப்பை யார் முடிவு செய்கிறார்கள்? ஆடிப் பட்டம் நெருங்குகிறது, வயிறு எரிகிறது.

ஓய்வுபெற்ற கோர்ட் எழுத்தர், கிருஷ்ணகிரி:
அமீனா எழுதுவது உத்தேச மதிப்புதான், அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் விலையைப் பற்றி வாதாடுவதற்கு முன்னால் பொருள் யாருடையது என்பதை நிலைநாட்டுங்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 21, விதி 58இன் கீழ் உரிமைகோரல் மனு போட வேண்டும். ஏலம் முடிந்த பிறகு போட்டால் கோர்ட் அதை ஏற்காது. வேண்டுமென்றே தாமதித்தாலும் தள்ளிவிடும். மனுவோடு ஏலத்தை நிறுத்திவைக்கவும் கேளுங்கள். அசையும் பொருளுக்கு ஏல அறிவிப்பு ஒட்டி ஏழு நாள் கழிந்தாலே விற்றுவிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

மதிப்பு விஷயம்: அதே கட்டளையின் விதி 66இன்படி ஏல அறிவிப்பில் கோர்ட் தன் சொந்த மதிப்பைக் குறிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. டிக்ரிதாரரும் (டிக்ரி வாங்கிய கடன் கொடுத்தவர்) கடனாளியும் சொல்லும் மதிப்பு இருந்தால் அதைச் சேர்த்தாக வேண்டும். கடனாளி உங்கள் தம்பிதான். 45,000 தவறு என்று அவரை எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் வாய்மூடி இருந்தால் எதிர்த்தரப்பின் விலை மட்டுமே அறிவிப்பில் நிற்கும்.

பென்னாகரம் விவசாயி:
டில்லர் மானியத்தில் வாங்கியதா அண்ணா? அப்படியானால் வேளாண் பொறியியல் துறைக் கோப்பில் உங்கள் பெயரும் இன்ஜின் எண்ணும் இருக்கும். அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ரசீது, பணம் போன வங்கிக் கணக்கு விவரம், பழைய வண்டி வாங்கி விற்பவர் எழுதித் தரும் விலை, எல்லாவற்றையும் சேருங்கள். புது வண்டி விலையைக் கேட்காதீர்கள். ஓடித் தேய்ந்த வண்டிக்கு அதே நிலையில் சந்தையில் என்ன கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

அரூர் வாசகர்:
விவசாயக் கருவியை ஜப்தி செய்யவே கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 60. அதைச் சொன்னால் போதாதா?

ஓய்வுபெற்ற கோர்ட் எழுத்தர், கிருஷ்ணகிரி:
போதாது. அந்தப் பாதுகாப்பு கடனாளிக்கு உரியது. விவசாயியான கடனாளியின் பிழைப்புக்குத் தேவை என்று கோர்ட் கருதும் கருவி, மாடு, விதை ஆகியவற்றுக்குத்தான் விலக்கு. இவர் கடனாளி இல்லை. வேண்டுமானால் தம்பி தனியாக மனு போட்டு, 'இது அண்ணனுடையது. என்னுடையது என்று கோர்ட் முடிவு செய்தாலும் விலக்கு உண்டு' என்று கேட்கலாம். ஆனால் இரண்டு மனுவும் ஒன்றையொன்று கெடுக்காதபடி வழக்குரைஞர் எழுத வேண்டும். டில்லர் தன்னுடையதே என்று தம்பி ஒரு வரி எழுதிவிட்டால் உங்கள் மனு சரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ஜப்தி செய்யும் பொருளின் மதிப்பு, கூடியவரை டிக்ரிப்படி வர வேண்டிய தொகைக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது விதி 17. சந்தை விலை லட்சம் என்று காட்ட முடிந்தால், எழுபதாயிரத்துக்கு இவ்வளவு எதற்கு என்று தம்பி கேட்க இடம் கிடைக்கும். குறைத்து எழுதுவதால் மறைந்துபோவது இதுதான்.

காவேரிப்பட்டினம் உழவன்:
நன்றி ஐயா. மானியக் கோப்பு இருக்கிறது, நாளையே நகல் கேட்கிறேன். பெட்டிகளுக்கு ரசீது இல்லை. வழக்கு முடியும்வரை டில்லர் மழையில் நின்று துருப்பிடித்தால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற கோர்ட் எழுத்தர், கிருஷ்ணகிரி:
பெட்டிகளில் உங்கள் குறியீடு எழுதியிருந்தால் அதுவே சான்று. மண்டிக்காரர் ஒருவரைச் சாட்சியாக அழையுங்கள். டில்லரைப் பொறுத்தவரை, விவசாயக் கருவியை ஊரிலேயே நம்பத்தகுந்த ஒருவர் பொறுப்பில் விட விதி 43-ஏ இடம் தருகிறது. பொருளில் உரிமை கோருபவரும் அதைக் கேட்கலாம். ஜப்தி நேரத்திலேயே கேட்டிருக்க வேண்டியது. இப்போது கோர்ட்டில் மனுவாகக் கேளுங்கள். கூடவே டில்லரின் இன்றைய நிலையைப் படம் எடுத்துத் தாக்கல் செய்யுங்கள். பிறகு சேதம் ஏற்பட்டால் எந்த நிலையில் எடுத்துப் போனார்கள் என்று காட்ட வேறு வழி இருக்காது.