வீட்டுக்குப் பின்னால் உள்ள மண் அணையில் மரம் நடலாமா?

பின்வேலி:
டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே வீடு வாங்கியிருக்கிறோம். வேலிக்கு அந்தப்பக்கம் 1960-களில் கட்டிய சின்ன வெள்ளத்தடுப்பு மண் அணை. உள்ளே குட்டை அளவுக்குத் தண்ணீர், மற்றபடி வருஷம் முழுக்க வெறும் புல் கரைதான். நாலு மரம் வைத்தால் நிழலாவது கிடைக்கும் என்று கேட்டால் கூடவே கூடாது என்கிறார்கள். நம் ஊர் ஏரிக்கரையில் பனை வரிசையாக நிற்கிறதே? சும்மா கிடக்கிற அணைக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

மதகடி:
காலியாக இருப்பதுதாங்க அதற்கு வேலையே. பெருமழையில் ஓடை வெள்ளத்தைப் பிடித்துவைத்து, கரைக்கு அடியில் போகிற குழாய் வழியாகச் சில நாளில் மெதுவாக விடும், அதையும் மீறினால் ஓரத்தில் புல்தரையாக வெட்டிவிட்டிருக்கும் கலங்கல் (மிகுநீர் வெளியேறும் வழி) வழியே போகும். அமெரிக்காவில் இப்படி 11,000-க்கு மேல் இருக்கின்றன, முதலாவது 1948-ல் ஓக்லஹோமாவில் கார்டெல் ஊர்ப் பக்கம் கிளவுட் கிரீக்கில் கட்டியது.

மரம் உயிரோடு இருக்கும்வரை பரவாயில்லை போலத் தெரியும். செத்து வேர் மக்கினால் கரைக்குள் ஓட்டை விழும், அணை நிரம்புகிற நாளில் தண்ணீர் அதில் புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு வெளியே வரும். புயலில் சாய்ந்தாலோ வேரோடு கரையும் பெயரும். புதர் மண்டினால் விலங்குகள் வளை தோண்டுவதும் கண்ணில் படாது.

கரையோரம்:
பனைக்குத் தடித்த ஆணிவேர் கிடையாது, சல்லிவேர்தான், அதனால்தான் கரையில் வைத்தார்கள். அதை வைத்து எல்லா மரத்துக்கும் கணக்குப் போடாதீர்கள். சீமைக் கருவேலம் ஏறிய கரைகள் என்ன பாடு படுகின்றன என்று நம் ஊரிலேயே பார்க்கிறோமே.

பின்வேலி:
சரி, மரம் வேண்டாம். வீடு அணைக்குக் கீழ்ப்புறம் இருக்கிறது, பயப்படணுமா?

மதகடி:
பயம் வேண்டாம், விசாரியுங்கள். இவற்றில் பல 50 வருஷ ஆயுளுக்குத் திட்டமிட்டவை, அதுவும் கீழே வயல் மட்டும் இருந்த காலத்தில், வயலைக் காக்கிற அளவுக்குக் கட்டியவை. அப்புறம் வீடுகள் வந்துவிட்டன, அதனால் ஒரு காலத்தில் ஆபத்து குறைவு என்று வகைப்படுத்திய அணையே இன்று உயர் ஆபத்து வகைக்குள் (அணை பலவீனம் என்றல்ல, உடைந்தால் கீழே உயிர்ச்சேதம் ஆகலாம் என்று பொருள்) வந்துவிடுகிறது. உங்கள் அணை இப்போது எந்த வகை, உடைந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்ற வரைபடம் இருக்கிறதா என்று பராமரிப்பவர்களிடம் கட்டாயம் கேளுங்கள். மழைக்குப்பின் கரையின் அடிப்பக்கம் ஒரு நடை பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தாலும் சொல்லுங்கள், சேறாகக் கலங்கி வந்தால் மண் கரைகிறது என்று அர்த்தம், உடனே தள்ளி வந்து அவசர எண்ணுக்கு அழையுங்கள். நிழல் மரத்தைக் கரையடியிலிருந்து நன்றாகத் தள்ளி, வேலிக்கு உள்ளே வையுங்கள்.