சுத்தியா, எம்8 போல்ட்டா? (பழைய வீரா, முன் டிஸ்க்)

பதினேழு_ஸ்பானர்:
நம்ம சுங்கை சிப்புட் காடி (கார்) குழுவுல நேத்து ஒருத்தர் பழைய புரோட்டோன் வீரா 1.5க்கு வீட்டுலயே முன் பிரேக் டிஸ்க் மாத்துறது எப்படின்னு எழுதியிருக்காரு. டயர் கழட்டுறது, டிஸ்க்கைக் கவ்வுற கெலிப்பர் கழட்டுறது வரைக்கும் சரி. அடுத்த வரி: "டிஸ்க் ஒட்டிக்கிட்டு வரலன்னா சுத்தியால நல்லா நாலு போடு போடுங்க, தானா விழும்." தேங்காயா உடைக்கிறீங்க? டிஸ்க் முகத்துல மரை போட்ட ஓட்டை ரெண்டு இருக்கே, அது அழகுக்கா? எம்8 போல்ட் (8 மில்லிமீட்டர் தடிப்பு), மரை இடைவெளி 1.25, ரெண்டு வாங்கி, அந்த ஓட்டையில விட்டு மாத்தி மாத்திக் கால் சுத்து முறுக்குங்க. டிஸ்க் தானா ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டுற நடுப்பாகத்தை, விட்டு வெளிய வரும். சுத்திக்கு அங்க வேலையே இல்ல.

மண்டோர்_பேரன்:
எழுதினது நான்தான். "ஒருத்தர்"னு ஒளிஞ்சு பேச வேண்டாம். வீரா 1993ல வந்த காடி. நம்ம பக்கம் ஓடுறதுல பாதி செம்மண் ரோட்டுலயே காலத்தைத் தள்ளினது. அந்த ரெண்டு ஓட்டைக்குள்ள மரை இருக்காது, துருவும் சேறும்தான் இருக்கும். போல்ட் ரெண்டு சுத்து போகும், அப்புறம் மரையைத் தின்னுட்டு சும்மா சுத்தும். அப்போ எடுப்பீங்கல்ல சுத்தி?

பதினேழு_ஸ்பானர்:
துரு இருந்தா மரை வெட்டுற எம்8 டேப் விட்டு மரையைச் சுத்தம் பண்ணணும். டேப்னா என்னன்னு தெரியும்தானே?

மண்டோர்_பேரன்:
தெரியும் அண்ணே. லயத்துல வீட்டுக்கு வீடு டேப் செட் தொங்குது, உங்களுக்குத்தான் தெரியல. கழட்டுற டிஸ்க் பழைய இரும்புக் கடைக்குப் போகப்போறது. அடிச்சா யாருக்கு நஷ்டம்?

பதினேழு_ஸ்பானர்:
டிஸ்க்கைப் பத்தி இங்க யாரு அழுதா? பேரிங்! நீங்க டிஸ்க்ல போடுற அடி ஹப் வழியா நேரா வீல் பேரிங்குக்குப் போகுது. காடி நிக்குது, குண்டு எல்லாம் அதே இடத்துல உட்கார்ந்திருக்கு, அடி அந்த இடத்துலயே விழுது. ஓடுதளத்துல பொடிப் பள்ளம் விழும். அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, கொஞ்ச நாள் கழிச்சு 80ல போறப்போ "ஊ"னு ஒரு சத்தம் வரும். வீரா முன் பேரிங் அழுத்தி ஏத்துறது, பிரஸ் இல்லாம வீட்டுல மாத்த முடியாது. ரெண்டு போல்ட்டுக்குக் கஞ்சம் பண்ணி வொர்க்‌ஷாப்புல போய் நிக்கணும்.

மண்டோர்_பேரன்:
செம்பனை லாரி போற ரோட்டுக் குழியில ஒரு நாளைக்கு நூறு தடவை இறங்குது காடி. அதுல போகாத பேரிங் என் நாலு தட்டுல போயிடுமா?

பதினேழு_ஸ்பானர்:
குழியில இறங்குறப்போ நடுவுல டயர் இருக்கு, டயர்ல காத்து இருக்கு. சக்கரமும் சுத்திக்கிட்டிருக்கு. உங்க சுத்தியில காத்து இருக்கா?

கித்தா_மரம்:
சுத்தியில இல்ல. இந்தப் பேச்சுல இருக்கு.

ஆறாம்_லயம்:
அண்ணே, சனிக்கிழமை வீரா முன் டிஸ்க் மாத்தணும். என்னென்ன சாமான் வாங்கணும்? டிஸ்க் எல்லாம் ஒரே சைஸ்தானே?

பதினேழு_ஸ்பானர்:
தம்பி, ஒரே சைஸ் இல்ல. 1.5க்கும் 1.8க்கும் வேற வேற. பழசைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போறதுதான் நல்லது, ஆனா வேற காடி வேணும் போறதுக்கு. முடியலன்னா கிரேண்ட்டுல (காடிப் பதிவுப் பத்திரம்) இருக்கிற சேசிஸ் நம்பரையாவது கொண்டு போ. டிஸ்க் ஜோடியாத்தான் வாங்கணும், ஒரு பக்கம் மட்டும் மாத்தினா பிரேக் ஒரு பக்கமா இழுக்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கிற பேட்டும் புதுசு போடு. பழைய பேட்ல பழைய டிஸ்க்கோட கோடு விழுந்திருக்கும், புது டிஸ்க்ல முழுசா உட்காராது.

முதல்ல பின் சக்கரத்துக்குக் கட்டை வை. ஹேண்ட்பிரேக் பின் சக்கரத்தைத்தான் பிடிக்குது, அதையும் போடு. காடி தரையில நிக்கிறப்பவே வீல் நட் நாலையும் 21 சாக்கெட் போட்டு லேசா இளக்கிடு. ஜாக் போட்டுத் தூக்கினதும் ஸ்டாண்டு வை. ஓட்டை செங்கல் வைக்காத, அது பாரம் தாங்காம ஒரே நொடியில பொடியாகும். செம்மண் தரைன்னா ஜாக்குக்கு அடியில தடிப்பான பலகை போடு.

ஸ்டீரிங்கை ஒரு பக்கமாத் திருப்பினா கெலிப்பர் பிராக்கெட்டோட ரெண்டு போல்ட் கைக்கு எட்டும். பொதுவா 17 ஸ்பானர். கெலிப்பரைக் கழட்டிக் கம்பியால ஸ்பிரிங்ல கட்டித் தொங்க விடு, பிரேக் எண்ணெய் போற ஓஸ்ல தொங்க விடாத, உள்ளுக்குள்ள கிழியும். அப்புறம் டிஸ்க் நடுவுல, ஹப்பைச் சுத்தி, துரு இளக்குற எண்ணெய் அடிச்சு 20 நிமிஷம் விடு. அப்புறம் எம்8 போல்ட் ரெண்டு. சுத்தி இல்ல.

மண்டோர்_பேரன்:
கடைசி வார்த்தை மட்டும் தம்பிக்கு இல்ல, எனக்கு.

பதினேழு_ஸ்பானர்:
யாருக்குப் பொருந்துதோ அவங்களுக்கு.

நிப்பிள்_நாதன்:
ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. புது பேட் தடிப்பு, கெலிப்பர் பிஸ்டனை உள்ள தள்ளணும். தள்ளுறப்போ எண்ணெய் வடிக்கிற ப்ளீட் நிப்பிளைத் திறந்து விடணும். இல்லன்னா கெலிப்பர்ல இருக்கிற கறுப்பு எண்ணெய் எல்லாம் மேல மாஸ்டர் பம்புக்கு ஏறிடும்.

பதினேழு_ஸ்பானர்:
திறந்தா காத்து போகும். பழைய நிப்பிள், துரு பிடிச்சது, முறுக்குறப்போ கழுத்தோட உடையும். அப்போ கெலிப்பரையும் மாத்து. மேல பிரேக் எண்ணெய் டப்பா மூடியைத் திறந்து, கொஞ்சம் எண்ணெயை ஊசிக்குழாயால எடுத்துட்டு, மெதுவாத் தள்ளினா போதும்.

நிப்பிள்_நாதன்:
அந்த எண்ணெயை எத்தனை வருஷமா மாத்தாம வச்சிருக்காங்களோ. டாட் 3 பிரேக் எண்ணெய் புதுசா இருக்கிறப்போ 205 டிகிரியில கொதிக்கும், தண்ணி இழுத்துட்டா 140. நம்ம ஊர் ஈரக் காத்துல அது தண்ணி இழுக்காம இருக்குமா? பழைய தாப்பா ரோட்டுல கேமரன்ல இருந்து இறங்கறப்போ பெடல் தரைக்குப் போகும்.

பதினேழு_ஸ்பானர்:
எண்ணெய் மாத்துறது தனி வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்து, யாரு வேணாம்னா. இங்க பேச்சு சுத்தியைப் பத்தி.

டீச்சர்_குவாலாகங்சார்:
ஒரு சந்தேகம். இவ்வளவு நேரம் எழுதுறீங்க, 'டிஸ்க்'குக்குப் பதிலா 'வட்டு'ன்னு எழுதினால் என்ன? நிறுத்த வட்டு. தமிழில் சொல்லே இல்லையா?

மண்டோர்_பேரன்:
டீச்சர், சொல் இருக்கு. சாமான் கடையில போய் "வீராவுக்கு ஒரு ஜோடி வட்டு"ன்னு கேளுங்க, கடை முதலாளி தவுக்கே கருப்பட்டிக் கடையைக் காட்டுவாரு.

டீச்சர்_குவாலாகங்சார்:
'மரை'ன்னு மட்டும் அழகாக எழுதத் தெரிகிறது. சுத்தியல் என்பதும் தமிழ்தான், லகரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

கித்தா_மரம்:
மண்டோர் அடிச்ச அடியில கழண்டு விழுந்துடுச்சு டீச்சர்.

பதினேழு_ஸ்பானர்:
விளையாட்டு போதும். இன்னொரு விஷயம். சுத்தியால அடிச்சுக் கழட்டுறவங்கதான் அப்புறம் "புது டிஸ்க் போட்டும் ஸ்டீரிங் ஆடுது, டிஸ்க் வளைஞ்சிடுச்சு, சாமான் மட்டம்"னு கடைக்காரன் சட்டையைப் பிடிக்கிறாங்க. டிஸ்க் அவ்வளவு சுலபமா வளையாது.

மண்டோர்_பேரன்:
இதுல மட்டும் நான் உங்களை விட அதிகமாச் சொல்றேன், கேட்டுக்குங்க. ஆட்டத்துக்குக் காரணம் ஹப் முகத்துல ஒட்டியிருக்கிற துரு. கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காம புதுசை மாட்டினா, ஹப்புல ஒரு ஓரத்துல 0.05 மில்லிமீட்டர் துரு நின்னாலும் டிஸ்க் ஓரத்துல ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆடும். ஒவ்வொரு சுத்துலயும் அந்த மேடு பேட்ல உரசி, சில ஆயிரம் கிலோமீட்டர்ல டிஸ்க் ஒரு இடம் தடிப்பு, ஒரு இடம் மெலிசுன்னு ஆயிடும். அப்போதான் பெடல் துடிக்கும். சுத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

இப்போ உங்க எம்8க்கு வருவோம். அந்த போல்ட் நுனி எதுல முட்டிக்கிட்டு டிஸ்க்கைத் தள்ளுது? ஹப் முகத்துல. ஒட்டின டிஸ்க்கைத் தள்ளுற வேகத்துல நுனி ஹப்புல குழி போட்டு, குழி ஓரத்துல பிசிறு எழும்பும். அந்தப் பிசிறு மேல புது டிஸ்க்கை உட்கார வச்சா என்ன ஆகும்? ஆட்டம்! உங்க போல்ட்தான் ஆட்டத்துக்குக் காரணம்!

பதினேழு_ஸ்பானர்:
அதுக்குத்தான் அரம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு தேய்ப்பு, பிசிறு போயிடும். பேரிங் ஓடுதளத்துல விழுந்த பள்ளத்துக்கு அரம் விட முடியுமா?

மண்டோர்_பேரன்:
ஆக போல்ட் போட்டா டேப் வேணும், அரமும் வேணும். சுத்திக்கு சுத்தி மட்டும் போதும்.

பதினேழு_ஸ்பானர்:
கியர் ஆயில் பேச்சுலயும் இப்படித்தான். "எந்த எண்ணெயா இருந்தா என்ன, எண்ணெய்தானே"ன்னு சொன்ன ஆள் நீங்க.

மண்டோர்_பேரன்:
அதை எதுக்கு இங்க இழுக்கறீங்க? கிராணி மாதிரி பழைய கணக்கு எல்லாம் எழுதி வச்சிருக்கீங்களா?

ஆறாம்_லயம்:
அண்ணே, கெலிப்பர் வழுக்கி நகர்ற பின்னுக்கு எந்த கிரீஸ்? வீட்டுல பேரிங் கிரீஸ்தான் இருக்கு.

பதினேழு_ஸ்பானர்:
அதைத் தொடாத. ரப்பர் பூட் ஊதிப்போய்ப் பின் இறுகிடும். பிரேக்குக்குன்னு விக்கிற சிலிக்கான் கிரீஸ், மெலிசா. பேட் முதுகுல தடவுறதுக்குத் தனியா இருக்கு. புது டிஸ்க்ல துருப் பிடிக்காம இருக்க எண்ணெய் பூசி வரும், பிரேக் கிளீனர் அடிச்சு ரெண்டு பக்கமும் துடை. கையால தொட்டுப் பார்க்காத. மாட்டி முடிச்சதும் எஞ்சின் போடுறதுக்கு முன்னால பெடலை மிதி, கெட்டியாகற வரைக்கும் மிதி. மறந்துட்டுக் கியர் போட்டா முதல் பிரேக்குல பக்கத்து வீட்டு வேலிதான். வீல் நட் சுமார் 100 நியூட்டன் மீட்டர், குறுக்குக் குறுக்கா முறுக்கு.

ஆறாம்_லயம்:
அண்ணே, ஒரு பக்கம் முடிஞ்சுது. எம்8 போல்ட் ரெண்டையும் இறுக்கினேன், கொஞ்சம் நகர்ந்து நின்னுடுச்சு. போல்ட்டை அப்படியே விட்டுட்டுப் பின்னால இருந்து ரப்பர் சுத்தியால மேல ஒண்ணு, கீழ ஒண்ணு தட்டினேன், டப்புனு வந்துடுச்சு.

பதினேழு_ஸ்பானர்:
பார்த்தீங்களா? போல்ட் இழுத்துப் பிடிச்சதாலதான் வந்துச்சு.

மண்டோர்_பேரன்:
போல்ட்ல நின்னுடுச்சுன்னு தம்பியே சொல்றான். தட்டினதும்தான் விழுந்துச்சு. படிக்கத் தெரியும்தானே?

பதினேழு_ஸ்பானர்:
ரப்பர் சுத்தி. நீங்க எழுதினது இரும்பு.

மண்டோர்_பேரன்:
"சுத்தி"ன்னுதான் எழுதினேன். இரும்புன்னு நான் எழுதின இடத்தைக் காட்டுங்க.

பதினேழு_ஸ்பானர்:
"நல்லா நாலு போடு"ன்னு ரப்பர் சுத்திக்கு யாருலா எழுதுவா?

நிப்பிள்_நாதன்:
தம்பி, பிஸ்டன் தள்ளுறப்போ நிப்பிள் திறந்தியா?

ஆறாம்_லயம்:
அண்ணே, அதை விடுங்க. மாட்டிட்டுக் கையால சுத்திப் பார்த்தா "ஸ்ஸ்ஸ்"னு ஒரே இடத்துல உரசுது. பேட் இல்ல, பின்னால இருக்கிற தகடு மாதிரி தெரியுது.

மண்டோர்_பேரன்:
தகடு மடங்கியிருக்கு. விரலால வெளிய இழுத்து விடு. வரலன்னா லேசா ஒரு தட்டு...

பதினேழு_ஸ்பானர்:
ஆரம்பிச்சுட்டாரு.