மை டார்லிங் கிளெமென்டைன் பார்த்தேன், அப்புறம் வரலாற்றைப் படித்தேன், இப்போது மனசு ஒட்டவில்லை

காமிக்ஸ்பிரியன்:

எல்லாருக்கும் வணக்கம். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவன் நான். ஷெரீப், மார்ஷல், சலூன் என்று காதில் விழுந்தாலே ஒரு ஈர்ப்பு. ஆனால் கறுப்பு வெள்ளை வெஸ்டர்ன் படங்கள் அதிகம் பார்த்ததில்லை. போன சனிக்கிழமை ராத்திரி ஜான் ஃபோர்டு 1946ல் எடுத்த ‘மை டார்லிங் கிளெமென்டைன்’ பார்த்தேன். மாடுகளை ஓட்டிக்கொண்டு கலிஃபோர்னியா போகிற எர்ப் சகோதரர்கள் நாலு பேர், வழியில் டூம்ஸ்டோன் என்ற ஊர்ப் பக்கம் தங்குகிறார்கள். மூன்று பேர் ஊருக்குள் சவரம் செய்துகொள்ளப் போய்விட்டுத் திரும்பினால் மாடுகளைக் காணோம், காவலுக்கு இருந்த கடைசித் தம்பி ஜேம்ஸ் மழையில் செத்துக் கிடக்கிறான். அதுவரை வேண்டாம் என்று சொன்ன மார்ஷல் வேலையை அந்த ராத்திரியே போய் ஏற்றுக்கொள்கிறார் வயட் எர்ப். நனைந்தபடி வந்து நிற்கிற கிழவர் கிளாண்டனும் மகன்களும், இந்த ஊருக்கா மார்ஷல் என்று சிரிக்கிறார்கள். பெயரைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் எனக்குப் புல்லரித்துவிட்டது.

மறுநாள் உண்மைக் கதையைத் தேடிப் படித்தேன். படத்தில் வருகிற எதுவும் அப்படி நடக்கவில்லை போலிருக்கிறது. உண்மையான மனிதர்களின் பெயரை வைத்துக்கொண்டு இவ்வளவு மாற்றலாமா? ஏமாற்றப்பட்ட மாதிரி இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எது உண்மை, எது கற்பனை? அப்புறம் ஷெரீப்புக்கும் மார்ஷலுக்கும் என்ன வித்தியாசம் என்பதும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தூசிப்பாதை:

மாறியது கொஞ்சநஞ்சமல்ல நண்பரே. முதலில் மார்ஷல் விஷயம். மார்ஷல் என்பவர் அந்த ஊர் எல்லைக்குள் மட்டும் காவல் அதிகாரி, ஷெரீப் ஒரு கவுண்டி, அதாவது நம் மாவட்டம் மாதிரி, முழுவதற்கும். ஷெரீப்தான் வரியும் வசூலிப்பார், வசூலில் அவருக்கு ஒரு பங்கு உண்டு, அதனால் அந்தப் பதவிக்குக் கடும் போட்டி இருந்தது. டூம்ஸ்டோன் இருக்கிற கோச்சீஸ் கவுண்டி 1881ல் உருவானபோது அதன் ஷெரீப்பாக ஆனவர் ஜானி பீஹன். அவருக்கும் எர்ப்களுக்கும் ஆகவே ஆகாது. இவர்கள் போக, மத்திய அரசின் மார்ஷல்கள் தனி.

படத்தின் கடைசியில் வருகிற துப்பாக்கிச் சண்டை நிஜத்தில் நடந்த 1881 அக்டோபர் 26 அன்று டூம்ஸ்டோனின் மார்ஷலாக இருந்தவர் வயட் இல்லை, அவருடைய அண்ணன் வர்ஜில். வயட், தம்பி மார்கன், வயட்டின் நண்பர் டாக் ஹாலிடே மூவரும் துணைக்குப் போனவர்கள். சண்டைக்கு உடனடிக் காரணம் மாடு திருட்டும் இல்லை, தம்பி கொலையும் இல்லை. ஊருக்குள் ஆயுதத்தோடு திரியக்கூடாது என்று நகரசபைச் சட்டம் இருந்தது, வருகிறவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். கிளாண்டன், மக்லாரி சகோதரர்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள் என்று பிடுங்கப் போன இடத்தில்தான் வெடித்தது. அதற்குப் பின்னால் மாதக்கணக்கான பகை இருந்தது என்பது வேறு கதை. ஓ.கே. கொரால் என்று பெயர் நிலைத்துவிட்டாலும் நடந்தது குதிரைக் கொட்டடிக்குள் அல்ல, பக்கத்தில் ஒரு புகைப்பட நிலையத்தை ஒட்டிய காலி மனையில். ஏறக்குறைய 30 விநாடி, ஏறக்குறைய 30 குண்டு. பில்லி கிளாண்டன், டாம் மக்லாரி, ஃபிராங்க் மக்லாரி மூவரும் செத்தார்கள்.

படத்தில் சுடப்பட்டுச் சாகிற கிழவர் கிளாண்டன், அந்தச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே எல்லைப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கில் கொல்லப்பட்டுவிட்டார். படத்தில் பதினெட்டு வயதில் சாகிற ஜேம்ஸ், நிஜத்தில் இவர்களுக்கெல்லாம் மூத்தவர், 1926 வரை உயிரோடு இருந்தார். டாக் ஹாலிடே படத்தில் வருகிற மாதிரி அறுவை சிகிச்சை நிபுணரே இல்லை, பல் மருத்துவர். சண்டையில் சாகவும் இல்லை, 1887ல் கொலராடோவில் காசநோயில் படுக்கையில் செத்தார், வயது 36.

அதைவிட எனக்குக் கனமான விஷயம் ஒன்று. அந்தச் சண்டையால் ஊர் அடங்கவில்லை. ஒரு மாத விசாரணைக்குப் பிறகு நீதிபதி எர்ப்களை விடுவித்தார், ஆனால் டிசம்பரில் வர்ஜிலை இருட்டில் சுட்டார்கள், இடது கை அதோடு முடங்கிப்போயிற்று. அடுத்த மார்ச்சில் பில்லியர்ட்ஸ் ஆடிக்கொண்டிருந்த மார்கனை முதுகில் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு வயட் செய்தது சட்டம் காப்பது இல்லை, பழி வாங்குவது. நீங்கள் ஏமாந்த மாதிரி உணர்வது நியாயம்தான்.

மூன்றாம்வரிசை:

தூசிப்பாதை சொன்ன தகவலில் ஒன்றையும் மறுக்க முடியாது. ஆனால் இந்தப் படத்தை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஃபோர்டு கேட்டுக்கொண்ட கேள்வி அந்தச் சண்டை எப்படி நடந்தது என்பதே இல்லை. ஒரு கூடாரக் கும்பல் எப்போது ஊராகிறது என்பதுதான் அவர் கேள்வி. படத்தில் துப்பாக்கிச் சத்தம் எவ்வளவு நேரம், முடிதிருத்தகம் எவ்வளவு நேரம் என்று பாருங்கள்.

முதல் தடவை வயட் ஊருக்குள் வருவதே சவரத்துக்கு. முகத்தில் நுரையோடு சாய்ந்து கிடக்கும்போது எங்கிருந்தோ குண்டு பறக்கிறது, சவரக்காரர் ஓடிவிடுகிறார். வயட் நுரை பூசிய முகத்தோடு எழுந்துபோய்ச் சுட்டவனைக் காலைப் பிடித்து இழுத்து வந்து போட்டுவிட்டு, மிச்சச் சவரத்தைக் கேட்கிறார். அவருக்கு அப்போது வேண்டியதெல்லாம் நிம்மதியாக ஒரு சவரம், அதுகூடக் கிடைக்காத ஊர் அது. பாதிப் படம் கழித்து அதே கடை. ஞாயிற்றுக்கிழமை காலை, முடியைப் படிய வாரிவிட்டு வாசனைத் தண்ணீர் தெளித்து அனுப்புகிறார்கள். வெளியே வந்தால் பாலைவனப் பூ மணக்கிறதே என்று, டாக்கைத் தேடி ஊருக்கு வந்த கிளெமென்டைன் சொல்கிறாள், அது நான்தான், சவரக்கடை என்கிறார் வயட். கொஞ்சம்கூடச் சிரிக்காமல் சொல்கிறார் வயட்டாக நடிக்கிற ஹென்றி ஃபோண்டா. பூப்பூக்காத புழுதியில் மணம் வீசுகிறது, அது இவர் தலையிலிருந்து வருகிறது. இந்த ஊர் மாறிக்கொண்டிருக்கிறது என்று வேறு யாரும் வந்து சொல்லத் தேவையே இல்லை.

அப்புறம் அந்த நடை. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டு பலகை நடைபாதையில் நடந்து வருகிறார்கள், தூரத்தில் பாட்டுச் சத்தம். தேவாலயம் என்று ஒன்று இல்லை, மரச்சட்டங்களும் மணிக்கூண்டும் மட்டும், மேலே கொடி, பின்னால் திறந்த வானம். வேதப் புத்தகத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன், நடனத்துக்கு எதிராக ஒரு வார்த்தைகூட இல்லை என்று பெரியவர் ஒருவர் அறிவித்துவிட்டுப் பிடில் வாசிக்கிறார். வயட் ஓரமாக நிற்கிறார், தயங்குகிறார், தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு ஆடப் போகிறார். முழங்காலை உயர்த்தி, முதுகை விறைப்பாக வைத்துக்கொண்டு ஆடுகிற அந்த ஆட்டத்தைப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்கிவிடும். ஃபோர்டும் ஃபோண்டாவும் அப்போதுதான் போரிலிருந்து, கடற்படையிலிருந்து திரும்பியவர்கள். கொலை செய்யத் தெரிந்த ஒரு மனிதன் ஊரோடு சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க முடியுமா என்று அந்த இருவரும் கேட்பதாகத்தான் எனக்குப் படுகிறது.

இடமும் பொய்தான். டூம்ஸ்டோன் அரிசோனாவின் தென்கிழக்கு மூலையில் மெக்சிகோ எல்லைப் பக்கம் இருக்கிறது, படம் எடுத்த மானுமென்ட் பள்ளத்தாக்கு வடகோடியில் யூட்டா எல்லையில். ஆனால் அந்தத் தனித்தனிப் பாறைகளுக்குக் கீழே நாலு கட்டடத்தை வைத்தபோதுதான் ஊர் எவ்வளவு சின்னது, எவ்வளவு சீக்கிரம் இல்லாமல் போய்விடக்கூடியது என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

நதிக்கரையாள்:

மூன்றாம்வரிசை அண்ணா, நீங்கள் சொன்ன நடனக் காட்சி எனக்கும் உயிர். ஆனால் நீங்கள் சொன்ன அதே முதல் சவரக் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். இழுத்து வரப்படுகிறவன் ஒரு செவ்விந்தியன். இந்தியர்களுக்குச் சாராயம் விற்கிற ஊரா இது என்று வயட் கேட்டுவிட்டு அவனை எட்டி உதைத்து ஊரை விட்டுப் போகச் சொல்கிறார். சிஹுவாஹுவா என்று ஊர்ப் பெயரையே பெயராக வைத்திருக்கிற அந்தப் பாடகியைக் குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் தள்ளுகிறார், பழங்குடிகளின் குடியிருப்புக்கே அனுப்பிவிடுவேன் என்று மிரட்டுகிறார். கடைசியில் அவள் சாகிறாள், கிழக்கிலிருந்து வந்த கிளெமென்டைன் பள்ளிக்கூட ஆசிரியையாக அங்கேயே தங்குகிறாள். ஊராகிறது என்கிறீர்கள் சரி, யாருக்கு ஊராகிறது? அந்தத் தேவாலய மேடையில் ஆடுகிறவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். படம் எடுத்த பள்ளத்தாக்கு நவஹோ மக்களுடைய நிலம் என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன். படம் பிடிக்கும் என்பதால்தான் இது எனக்கு உறுத்துகிறது.

மூன்றாம்வரிசை:

நதிக்கரையாள், மறுக்க மாட்டேன் தங்கச்சி. மேடையில் ஆடுகிறவர்களை அப்படி நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இனி எண்ணாமல் பார்க்க முடியாது. தண்ணீர்த் தொட்டிக் காட்சி எனக்கு எப்போதுமே பிடிக்காது, அதை நான் இங்கே சொல்லாமல் விட்டது தப்பு.

காமிக்ஸ்பிரியன்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி திரும்பப் பார்த்தேன், இந்தத் தடவை டாக் ஹாலிடே நடிகருக்காக. மேசைமேல் நிற்க வைத்து ரவுடிகள் வம்பு செய்கிற அந்தக் குடிகார நாடக நடிகர் ஹேம்லெட் வசனத்தைப் பாதியில் மறந்துவிட, இருமிக்கொண்டே டாக் மிச்சத்தைச் சொல்கிறாரே, முதல் தடவை அதைக் கவனிக்காமலே கடந்திருக்கிறேன். பல் மருத்துவரோ அறுவை மருத்துவரோ, சாகப்போவது தெரிந்த ஒருவர் அந்த வரிகளைச் சொல்வது உண்மையாகத்தான் இருந்தது. கடைசிச் சண்டையில் இசையே இல்லாமல் காற்றும் புழுதியும் மட்டும் இருப்பதும் இப்போதுதான் உறைத்தது.

ஒரு சந்தேகம். கடைசியில் வயட் கிளெமென்டைன் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார், அது ஏனோ ஒட்ட வைத்த மாதிரி இருந்தது. எனக்கு மட்டும்தானா?

தூசிப்பாதை:

உங்கள் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. ஃபோர்டு எடுத்தது வெறும் கைகுலுக்கல். முன்னோட்டக் காட்சிக்குப் பிறகு ஸ்டூடியோவின் தயாரிப்புத் தலைவர் டாரில் ஜானக் படத்தை வெட்டி, சில காட்சிகளைத் திரும்ப எடுக்கச் சொல்லி, அந்த முத்தத்தையும் சேர்த்தார். வெளியான படம் 97 நிமிடம், அதற்கு முந்தைய பிரதி ஒன்று 103 நிமிடம், அதில் கைகுலுக்கல்தான். கிரைடீரியன் நிறுவனம் வெளியிட்ட புளூரே வட்டில் இரண்டும் இருக்கின்றன. முந்தைய பிரதியை முதலில் போட்டுப் பாருங்கள்.