நோயாளர் நலச் சங்கத்தில் போடும் தீர்மானம் எங்கே போய்ச் சேரும்?

கேள்வி: துணிக்கடைக்காரர்

எங்கள் ஊர் தாலுகா அரசு மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கத்தில், வணிகர் சங்கத்தின் சார்பில் என்னை உறுப்பினராகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் கூட்டத்தில் குடிநீர்க் கருவி பழுது, கழிவறைக் கதவு, நோயாளியோடு வருபவர்கள் உட்கார ஒரு கொட்டகை என்று பேசினோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் சொல்லும் குறை வேறு. ராத்திரியில் பிரசவ வலியோடு போனால் மயக்க டாக்டர் இல்லை என்று மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிவிடுகிறார்களாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இங்கே, இங்கிருந்து மாவட்டத் தலைநகருக்கு. கூட்டத்தில் இதைக் கேட்டேன். "அது நம்ம கையில இல்லை சார், மேலே எடுக்கிற முடிவு" என்றார்கள்.

அப்படியென்றால் யார் கையில் இருக்கிறது? பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் இதே மாதிரி சங்கங்கள் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து பேசி, மாவட்ட அளவில் ஒரு முடிவை மாற்ற முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற சமுதாய நலச் செவிலியர்

தம்பி, முதலில் ஒன்று. கதவும் கொட்டகையும் பேசும் கூட்டத்தில் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதே பெரிய விஷயம். விட்டுவிடாதீர்கள்.

அவர்கள் சொன்னது பாதி சரி. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் கீழ் வருகிறது. மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மாவட்ட சுகாதார அலுவலர்; முன்பு துணை இயக்குநர் என்போம். உங்கள் தாலுகா மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தைச் சேர்ந்தது. அதற்கு ஜே.டி., அதாவது இணை இயக்குநர். மெடிக்கல் காலேஜ் மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தில் வருகிறது, அங்கே டீன். ஒரு கர்ப்பிணி ஒரே ராத்திரியில் மூன்று இயக்ககங்களைக் கடந்து போகிறாள். ஆளுக்கொரு மேலதிகாரி, ஆளுக்கொரு பதிவேடு. உங்கள் சங்கம் என்ன தீர்மானம் போட்டாலும் அது ஜே.டி. அலுவலகத்தோடு நின்றுவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது தெரியவே தெரியாது.

இந்த மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்காருவது கலெக்டர் முன்னால்தான். மாவட்ட அளவில் சுகாதாரத் திட்டங்களை நடத்தும் மாவட்ட நலவாழ்வுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். மகப்பேறு மரணம் ஒன்று நடந்தால் அதை ஆய்வு செய்யும் கூட்டமும் அவர் தலைமையில் நடக்கும். அந்தக் கூட்டத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். இறந்த பெண்ணின் வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்பார்கள். எத்தனை மணிக்கு வலி வந்தது, யார் பார்த்தது, எத்தனை மணிக்கு வண்டி கிளம்பியது என்று ஒவ்வொன்றாக. பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போய்விடலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் பாதியை, ஆளில்லாத ஆஸ்பத்திரி வாசலில் நின்று திரும்புவதிலேயே கழித்தவர்களை எனக்குத் தெரியும். தமிழ்நாட்டில் பேறுகால மரணம் இந்த அளவுக்குக் குறைந்ததில் இந்த ஆய்வுக் கூட்டங்களுக்கு நிச்சயம் பங்கு உண்டு. ஆனால் ஓர் உயிர் போன பிறகுதான் மூன்று துறையும் கூடிப் பேச வேண்டுமா?

எங்கள் வட்டாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தாலுகா ஆஸ்பத்திரியில் இன்று ராத்திரி மயக்க மருத்துவர் இருக்கிறாரா, ரத்த சேமிப்பு மையத்தில் எந்த குரூப் எத்தனை பை இருக்கிறது என்பது சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தெரியாமல் இருந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பொறுப்பான வட்டார மருத்துவ அலுவலரும் தாலுகா ஆஸ்பத்திரித் தலைமை மருத்துவரும் அந்தந்தச் சங்கக் கூட்டத்தில் ஒரே தீர்மானத்தைப் போட்டார்கள். தினமும் சாயங்காலம் இந்த விவரத்தை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். இல்லை என்று தெரிந்தால் இடையில் நிற்காமல் நேராக சீமாங் மையத்துக்கு, அதாவது அவசரப் பிரசவ சிகிச்சை எந்த நேரமும் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி கிளம்புமுன் வாங்கிக்கொள்ளும் ஆஸ்பத்திரிக்கு டாக்டரே போன் பண்ண வேண்டும். இரண்டு தீர்மானமும் ஒரே வாசகத்தில் கலெக்டர் கூட்டத்துக்குப் போனதால் அவர் அதை மாவட்டம் முழுக்க நடைமுறையாக்கச் சொல்லிவிட்டார். புதுக் கட்டிடம் இல்லை, புது ஆள் இல்லை. அதன் பிறகு 108 வண்டி தாலுகா வாசலில் நின்று யோசிப்பது வெகுவாகக் குறைந்தது.

அப்புறம், கேட்கும் விதம். 'மயக்க மருத்துவர் பணியிடத்தை நிரப்புக' என்று மட்டும் எழுதினால் அது சென்னைக்குப் போய்விடும். நியமனம் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, இடமாற்றம் கவுன்சிலிங் வழியாக. அதையும் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாவட்டத்துக்குள்ளேயே முடியக்கூடியதைத் தனியாகக் கேளுங்கள்: பக்கத்து ஆஸ்பத்திரியில் இருவர் இருந்தால் ஒருவருக்கு வாரத்தில் சில நாள் மாற்றுப் பணி, அவசரத்துக்குத் தனியார் மயக்க மருத்துவரை அழைத்தால் அதற்கான கட்டணம். இதற்கு ஜே.டி.யும் கலெக்டரும் போதும்.

பதில்: மருத்துவமனைக் கணக்குப் பிரிவு ஊழியர்

சிஸ்டர் சொன்னதோடு பணம் பற்றிக் கொஞ்சம். இந்தச் சங்க ஏற்பாடு பிறந்த கதை தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். 1994-இல் சூரத்தில் பிளேக் பீதி வந்த சமயம், இந்தூரின் பெரிய அரசு மருத்துவமனை எலிகள் நிறைந்து கிடந்தது. அதைக் காலி செய்து சுத்தப்படுத்தினார்கள். அந்த நிலைமை திரும்பி வராமல் இருக்க, அங்கேயே ஒரு சங்கம் அமைத்துப் பணத்தை அங்கேயே வைத்துச் செலவழிக்கலாம் என்று வந்ததுதான் ரோகி கல்யாண் சமிதி. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. ஆரம்ப சுகாதார நிலையச் சங்கத்துக்கு ஆண்டுக்கு 1 லட்சம், மாவட்ட மருத்துவமனைக்கு 5 லட்சம் என்று அப்போது வகுத்தார்கள்.

ஆக, ஒரு வளாகத்தைக் கவனிப்பதற்காகவே உருவான அமைப்பு இது. உங்கள் சங்கப் பணத்தை அடுத்த ஆஸ்பத்திரிக்குச் செலவழித்தால் தணிக்கையில் நிற்காது. சேர்ந்து தீர்மானம் போடுங்கள், செலவை அவரவர் கணக்கில் எழுதுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை செய்து வரும் பணமும் ஆஸ்பத்திரிக்கே வருகிறது. கூட்டத்தில் அந்த இருப்பையும் படிக்கச் சொல்லுங்கள். பல இடங்களில் வெளி உறுப்பினர்கள் அதைக் கேட்பதே இல்லை.

பதில்: ஊராட்சி வார்டு உறுப்பினர்

மாவட்ட சுகாதாரப் பேரவை என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லையே. உலக வங்கிக் கடனுதவியோடு 2019-இல் தொடங்கிய சுகாதாரச் சீரமைப்புத் திட்டத்தின் கீழ் வந்தது. உள்ளாட்சிப் பிரதிநிதிகள், மகளிர் குழுக்கள், நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு, மாவட்டத்துக்கு எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்துவார்கள். அங்கே முடியாதது மாநிலப் பேரவைக்குப் போகும். நான் போனபோது டயாலிசிஸ் கேட்டேன். எங்கள் ஊரிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு நாள் கூலி ஒவ்வொரு தடவையும் போகிறது. தனியாகக் கேட்டிருந்தால் எழுதி வைத்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்து ஊராட்சியும் தாலுகா ஆஸ்பத்திரி நலச் சங்கமும் அதே கோரிக்கையைக் கொண்டுவந்ததால் முன்வரிசைக்கு வந்தது. இயந்திரம் வந்துவிட்டது. டெக்னீஷியனுக்காக இன்னும் நடந்துகொண்டிருக்கிறோம்.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், ஒரு சந்தேகம். எங்கள் தலைமை மருத்துவர் நல்லவர், ஆனால் இதை எழுதினால் தன் ஆஸ்பத்திரி மேல் தானே புகார் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று தயங்குகிறார்.

பதில்: ஓய்வுபெற்ற சமுதாய நலச் செவிலியர்

அவர் தயக்கம் நியாயமானது, தம்பி. மாவட்டக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்பது முதலில் அவரைத்தான். அதனால் புகாராக எழுதாதீர்கள், கணக்காக எழுதுங்கள். பிரசவ வார்டில் ரெஃபரல் பதிவேடு இருக்கும். போன மூன்று மாதத்துக்கு நான்கு விவரம் எடுக்கச் சொல்லுங்கள்: எந்த நேரத்தில் வந்தார், எந்த நேரத்தில் அனுப்பினோம், என்ன காரணம், எங்கே போய்ச் சேர்ந்தார். நோயாளியின் பெயர் ஒரு இடத்திலும் வரக்கூடாது, இதில் கவனமாக இருங்கள். கடைசி விவரம், அதாவது எங்கே போய்ச் சேர்ந்தார் என்பது, உங்கள் பதிவேட்டில் இருக்காது. பிக்மி எண்ணை, அதாவது கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கும் எண்ணை வைத்து அந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் குழந்தை எங்கே பிறந்தது என்று சொல்லிவிடுவார். அப்படிக் கேட்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். வட்டார மருத்துவ அலுவலரும் அதில் கையெழுத்துப் போட்டால், உங்கள் டாக்டர் அந்தக் கூட்டத்தில் தனியாக நிற்க வேண்டியதில்லை.