துபாயில் நான், கீழக்கரையில் மனைவி: ஐரோப்பாவில் சில நாட்கள் சேர்ந்து தங்க எங்கே போகலாம்?

கீழக்கரை சபராளி (கேள்வி)

அனைவருக்கும் ஸலாமும் வணக்கமும். நான் துபாயில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மனைவி என் பெற்றோருடன் கீழக்கரையில் இருக்கிறார். ஆண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தால் கல்யாணம், விருந்து, வீட்டு மராமத்து, நிலப் பத்திரம் என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு நடை போய்வருவதற்குக்கூட வாய்ப்பதில்லை. ஆகவே அந்த விடுமுறையைத் தொடாமல், நடுவில் கிடைக்கும் ஒரு வார விடுப்பில் ஐரோப்பாவில் ஏதாவது ஓர் ஊரில் சந்தித்துத் தங்கிவிட்டு, அவரவர் இடத்துக்குத் திரும்பலாம் என்று எண்ணுகிறோம். ஒத்துவந்தால் அவ்வப்போது இப்படியே போய்வரவும் ஆசை.

டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோம் என எல்லாமே ஒரே வாரத்தில் இருக்கின்றன; கணக்குப் பார்த்தால் பாதி நேரம் பேருந்திலேயே கழியும் போலிருக்கிறது. இருவரும் வேறு வேறு நாட்டில் இருப்பதால் விசாவுக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்த ஊரை எடுப்பது, எந்த மாதம் நல்லது, ஹலால் உணவுக்கு என்ன வழி என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். கடல் பக்கத்தில் இருந்தால் மனைவிக்கு மகிழ்ச்சி.

தேவிபட்டினத்தார்

சகோதரரே, ஊரை முடிவு செய்வதற்கு முன் விசாவை முடிவு செய்யுங்கள். உங்கள் விஷயத்தில் சிக்கல் அங்கேதான் இருக்கிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஒருவர் சட்டப்படி எந்த நாட்டில் குடியிருக்கிறாரோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொது விதி. எனவே அமீரகக் குடியிருப்பு அனுமதி உள்ள நீங்கள் அங்கேயும், உங்கள் மனைவி சென்னையிலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அவரை விசிட் விசாவில் துபாய்க்கு வரவழைத்து அங்கிருந்தே இருவருக்கும் போட்டுவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். தகுந்த காரணம் காட்டாவிட்டால் அந்த விண்ணப்பத்தை ஏற்கமாட்டார்கள் என்பதால் அந்த வழிக்குப் போகாதீர்கள்.

தனித்தனியாக விண்ணப்பித்தாலும் இரண்டிலும் தங்குமிடம், தேதிகள், பயணத் திட்டம் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒருவர் விண்ணப்பத்தின் நகலை மற்றவர் விண்ணப்பத்தோடு இணைப்பதும், ஏன் இரு நாடுகளிலிருந்து புறப்படுகிறீர்கள் என்று ஒரு கடிதத்தில் விளக்குவதும் நல்லது. திருமணச் சான்றில் நம் பக்கத்து மக்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். ஜமாஅத் நிக்காஹ் பதிவேட்டின் நகலை மட்டும் வைத்துக்கொண்டு நிற்காமல், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொதுவானது.

பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக் காலத்துக்கு நேர்காணல் தேதி கிடைப்பதே பாடு என்பதால், தாமதம் செய்யாதீர்கள்.

அவ்வப்போது போய்வர ஆசை என்றீர்கள். இந்தியாவில் குடியிருந்து இந்தியாவிலேயே விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு சலுகை வந்தது: மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு விசாக்களை முறையாகப் பயன்படுத்தியவருக்கு, பலமுறை போய்வரக்கூடிய இரண்டாண்டு விசாவும், அதன்பின் வழக்கமாக ஐந்தாண்டு விசாவும் கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சலுகை கீழக்கரையில் இருக்கும் உங்கள் மனைவிக்குப் பொருந்தும், அமீரகத்திலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்குப் பொது விதிதான். இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று விசாக்களைப் பயன்படுத்திய பிறகே ஓராண்டு விசாவை எதிர்பார்க்கலாம்.

பாம்பன் பெண், பெல்ஜியம்

தம்பி, டிராவல்ஸ்காரர் கொடுத்த தாளை ஓரமாக வையுங்கள். சில நாட்களுக்காக வருகிறவர்கள் ஒரே ஊரில் பெட்டியை இறக்கிவிட்டு, அங்கிருந்து காலையில் ரயிலேறி இரவு திரும்புவதுதான் வசதி. தினமும் அறையைக் காலி செய்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடினால், மனைவியோடு பேசுவதற்கென்று வந்த பயணத்தில் ரயில் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசுவீர்கள்.

நான் இருக்கும் ஊர் என்பதற்காகச் சொல்லவில்லை. சிறிய நாடு என்பதால் பெல்ஜியம் இதற்குப் பொருந்தும். பிரஸ்ஸல்ஸிலிருந்து கெண்ட் அரைமணி நேரம், புரூஜ் ஒரு மணி நேரம், அதையும் தாண்டிக் கால் மணி போனால் ஓஸ்டெண்ட் கடற்கரை. பிரஸ்ஸல்ஸைவிடக் கெண்டில் தங்குவதை நான் விரும்புவேன். புரூஜில் பகலில் சுற்றுலாக் கூட்டம் நிறைந்து வழியும். கெண்டிலும் அதே கால்வாய்களும் பழைய மாளிகைகளும் இருக்கின்றன, ஆனால் அது மாணவர்களும் கடைக்காரர்களும் வாழும் ஊராகவே இருக்கிறது. பாரிஸைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், பிரஸ்ஸல்ஸிலிருந்து விரைவு ரயிலில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பயணச்சீட்டை முன்கூட்டியே வாங்குங்கள், கடைசி நேரத்தில் விலை கையைக் கடிக்கும். லூவர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறந்திருக்காது.

உங்கள் மனைவிக்குக் கடல் பிடிக்கும் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பெல்ஜியக் கடற்கரை முழுவதையும் ஒட்டி, ஏறத்தாழ 67 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் ஓடுகிறது. ஒருநாள் சீட்டு வாங்கினால் விரும்பிய இடத்தில் இறங்கி ஏறலாம். அதில் மேற்கே போய் ஓஸ்ட்டுயின்கெர்க்க என்ற ஊரில் இறங்கினால், குதிரை மேல் ஏறி இறால் பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். கடல் வற்றும் நேரத்தில், மஞ்சள் நிற எண்ணெய்த்துணிச் சட்டை போட்டு, பெரிய வண்டிக்குதிரையை அதன் நெஞ்சளவு தண்ணீருக்குள் செலுத்திக் கரையோரமாகவே வலையை இழுத்துப்போவார்கள். வலையின் வாயை இரண்டு பக்கமும் பலகைகள் விரித்துப் பிடிக்கும். முன்னால் மணலில் உரசிக்கொண்டு ஒரு சங்கிலி போகும். அந்த அதிர்வில் துள்ளும் இறால் வலைக்குள் விழும். சாம்பல் நிறத்துப் பொடி இறால்தான், நம் ஊர் வியாபாரி பார்த்தால் கூறுகட்டக்கூட யோசிப்பார். ஆனால் சுடச்சுட வேகவைத்ததும் அதற்கு ஒரு தனி இனிப்பு உண்டு. 2013இல் யுனெஸ்கோ இதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கோடையில் மக்கள் பார்ப்பதற்கென்றே நாள் குறித்துச் செய்கிறார்கள். நேரம் வற்றத்தைப் பொறுத்து மாறும் என்பதால் போகும் வாரத்தின் அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சிமடம் ரயில் பிரியர்

பாம்பன் சகோதரி சொன்னதில் எனக்கு மறுப்பு உண்டு. வடகடல் சாம்பல் நிறமாகவும் குளிர்ந்தும் கிடக்கும், நினைத்த நேரத்தில் மழை கொட்டும்; மன்னார் வளைகுடாவைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு அதைக் காட்டி "இதுதான் கடல்" என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. நான் வெனிஸையே சொல்வேன், அதுவும் ஏப்ரல், மே அல்லது செப்டம்பர் கடைசியில்.

கரைப்பக்கத்தில் இருக்கும் மெஸ்த்ரே நிலையம் தாண்டியதும் ரயில் கடற்கழியின் மேல் ஏறுகிறது. 1846இல் திறந்த பாலம். நம் பழைய பாம்பன் பாலம் 1914இல் வந்தது, நீளம் இரண்டு கிலோமீட்டர்தான், வெனிஸ் பாலம் மூன்றரைக்கும் மேல். ஆனால் நம்முடையதைப் போல் காற்றடித்தால் நெஞ்சு பதைக்கும் பாலமல்ல, தாழ்வாக நீரை ஒட்டியே போகும். நிலையத்துக்கு வெளியே காலை வைத்தால் எதிரில் சாலை இல்லை, படகுத்துறைதான்.

பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் குறிப்பிட்ட சில நாட்களில் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024இல் தொடங்கியது. இரவு தங்குகிறவர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. விலக்கை மட்டும் இணையத்தில் பதிய வேண்டும். மெஸ்த்ரேயும் அதே நகராட்சியைச் சேர்ந்ததால், வாடகை குறைந்த அந்தப் பக்கத்தில் தங்கினாலும் இது பொருந்தும். இருந்தாலும் ஓர் இரவாவது தீவுக்குள் தங்குங்கள். கூட்டம் கலைந்தபின் சந்துகள் உங்களுடையவை. காலையில் ரியால்ட்டோ மீன் சந்தைக்குப் போங்கள், ஞாயிறும் திங்களும் மீன் இருக்காது. கணவாய், மத்தி, மட்டி எல்லாம் ஐஸ் மேல் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மனைவி நிச்சயமாக விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்துத் திட்டுவார்.

இலையுதிர் காலத்திலும் குளிர் காலத்திலும் ஓதம் ஏறி ஊருக்குள் தண்ணீர் வருவது உண்டு. 2020 அக்டோபர் முதல் கழியின் வாய்களில் கதவுகளை எழுப்பிப் பெரிய ஓதங்களைத் தடுக்கிறார்கள். ஆனாலும் தாழ்வான சான் மார்க்கோ சதுக்கத்தில் சில நாட்கள் கால் நனையலாம்.

தொண்டி வாசகர்

உணவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பிரஸ்ஸல்ஸிலும் பாரிஸிலும் ஹலால் கடைகளுக்குப் பஞ்சமில்லை, மொராக்கோ, துருக்கி உணவகங்கள் நிறைய. பாரிஸில் கார் து நார் ரயில் நிலையத்துக்கு வடக்கே லா ஷாப்பெல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன. சோறும் குழம்பும் தேடும் நாளில் அங்கே போகலாம், இறைச்சி ஹலாலா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பெல்ஜியத்தில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்: உருளைக்கிழங்கு வறுவலைப் பழைய முறைப்படி மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு, மட்டியைப் பல உணவகங்களில் வெள்ளை ஒயின் ஊற்றி வேகவைப்பார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை, டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். ஜூனில் அதற்கு நேர்மாறாக மஃரிப் (சூரியன் மறைந்ததும் தொழும் தொழுகை) இரவு பத்து மணிக்கு வரும். ஊர் சுற்ற நேரம் நிறைய, அதன்பின் இஷா என்ற இரவுத் தொழுகைக்குக் காத்திருந்தால் தூக்கம்தான் குறையும்.

கீழக்கரை சபராளி

பாம்பன் அக்காவுக்கும் மற்ற அனைவருக்கும் மிக்க நன்றி. மனைவியிடம் இந்த இழையை அனுப்பினேன். குதிரை மேல் இறால் பிடிப்பதைப் படித்துவிட்டு வேறு பேச்சே இல்லை. மே மாதக் கடைசியில் கெண்டில் தங்கி, இடையில் பாரிஸில் ஓர் இரவு இருந்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வெனிஸை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறோம். விமானம் பாரிஸில்தான் இறங்குகிறது. அப்படியானால் பிரான்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, பெல்ஜியத்துக்கா?

தேவிபட்டினத்தார்

பெல்ஜியத்துக்குத்தான். எந்த நாட்டில் அதிக நாட்கள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு கணக்கில் வரும். இருவரும் பெல்ஜியத்துக்கே போடுங்கள், நீங்கள் அமீரகத்தில், அவர் சென்னையில். இரண்டு விசாவும் கையில் வரும்வரை, பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்காதீர்கள். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக வந்திருப்பதால் பாரிஸ் விமான நிலையத்தில் வரிசை நீளலாம். அன்றே கெண்டுக்கு ரயில் பிடிப்பதானால் இடையில் தாராளமாக நேரம் விட்டுச் சீட்டு வாங்குங்கள். உங்கள் மனைவியையும் துபாய் வழியாக வரும் விமானத்திலேயே வரச் சொன்னால், அங்கிருந்து இருவரும் ஒரே விமானத்தில் போகலாம். முதல் வெளிநாட்டுப் பயணத்தில் அந்த வரிசையில் அவர் தனியாக நிற்க வேண்டியிருக்காது.